ஜாக்கி ஏறுச்சு, கார் ஏறலை

அந்தக் கண்ணாடிய இறக்கிடாதீங்க தம்பி. இந்தப் பஸ்ஸுல இறக்குனா மறுபடி ஏறாது. குறை சொல்றேன்னு நெனைச்சுக்காதீங்க. வண்டியக் குறை சொல்றவனே இல்லைங்க நான். மனுசனக் குறை சொல்லலாம், அவன் திருப்பிச் சொல்லுவான். வண்டி என்ன சொல்லும், பாவம்.

கரூர் வரைக்குந்தானுங்களா? நானும் கரூர்தான். மருமக ஊட்டுக்கு. ஊட்டுக்குன்னா ஊட்டுக்கு இல்லை, அவ பட்டறைக்கு. ஒரு மாமனாரு பொள்ளாச்சில இருந்து பஸ் ஏறி மருமக பட்டறைக்குப் போறான்னா அதுல ஒரு கதை இருக்கும்ல. சொல்றேன். முழுசாக் கேட்டுட்டு நியாயம் யாரு பக்கம்னு நீங்கதான் சொல்லோணும். தாராபுரம் வரைக்கும் இந்த ரோட்டுல வேற பொழப்பு என்ன இருக்குது.

என்ற பேரு கிட்டுசாமி. பொள்ளாச்சில தேங்காய் மண்டி. ஆனா ஊருக்குள்ள வந்து தேங்காய்க்காரரு ஊடு எதுன்னு கேட்டா ஒருத்தனும் காட்ட மாட்டான். கார்க்காரரு ஊடுன்னு கேளுங்க, கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து விடுவான்.

அந்தக் காரு சாதாரணக் காரு இல்லைங்க. மேல கூரை கெடையாது. துணிதான், அதையும் மடிச்சுப் பின்னாடி போட்டுக்கலாம். வால்பாறைல ஒரு எஸ்டேட்டு மேனேஜரு, வெள்ளைக்காரரு, அவரு வெச்சிருந்தது. அவரு கப்பல் ஏறுனப்பறம் அங்கியே ஒரு தகரக் கொட்டாயில பல காலம் கெடந்துச்சு. கொட்டாயிக்குத் தகரம் பாதிதான் இருந்துச்சு. வால்பாறை மழை எப்படின்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? ஆரம்பிச்சா நிறுத்தறத மறந்துரும். வாங்கறப்ப எல்லாரும் வேண்டாம்னாங்க. நான் சொன்னேன், அந்த மழையத் தாங்குன வண்டி இனி எதைத்தான் தாங்காதுன்னு. இதுல என்ன தப்புங்க?

கொண்டு வந்து குங்குமச் செவப்புல பெயிண்ட் அடிச்சேன். அப்பறம் வருசா வருசம் ஆயுத பூசைக்கு முன்னாடி ஒரு கோட்டிங்கு. பழச சொரண்டறதெல்லாம் கெடையாது, மேலயே அடிக்கறது. கனம் கூடுனா பலம் கூடுமில்லைங்களா.

எங்கூர்ல கல்யாணம்னா மாப்பிள்ளை அழைப்புக்கு என்ற காருதான். வாடகை வாங்க மாட்டேன். பத்திரிகைல ஒரு ஓரமா, மாப்பிள்ளை அழைப்பு வாகனம் கார்க்காரர் கிட்டுசாமி அவர்கள்னு போட்டாப் போதும். நானேதான் ஓட்டுவேன். புள்ளையாரு கோயில்ல ஆரம்பிச்சு மண்டபம் வரைக்கும், நாயனக்காரரு நடக்கற வேகத்துல. அதுக்கு மேல நான் போனதே இல்லை. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கலைஞ்சுருமில்ல.

மண்டபத்துல எறங்கறப்ப மட்டும் சில சமயம் கதவு தொறக்காது. அதனால என்னங்க? மச்சாமாருங்க ரெண்டு பேரு வந்து மாப்பிள்ளைய அலேக்காத் தூக்கி எறக்குவாங்க. பார்க்கறதுக்கு நல்லா இருக்கும். அது ஒரு சீருன்னே ஊருல ஆயிருச்சு. வேற கார்ல வர்ற மாப்பிள்ளையக்கூட இப்பத் தூக்கித்தான் எறக்கறாங்க.

இப்படி இருக்கறப்பத்தானுங்க என்ற பையன் சபரீசனுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. பையன் கரூர்ல ஜவுளிக் கம்பெனில இருக்கறான். அங்கியே ஒரு புள்ளையப் பார்த்துப் புடிச்சுப் போயிருச்சு. நாங்க தடை சொல்லலை. நம்ம ஆளுங்கதான், நல்ல குடும்பம். புள்ளை பேரு ரோகிணி. அவிங்கப்பா லோகநாதன் கரூர்ல பஸ்ஸுக்குப் பாடி கட்டற பட்டறை வெச்சிருக்காரு. அந்தப் புள்ளை மெக்கானிக்கல் படிச்சுட்டு, அப்பங்கூடப் பட்டறைலயே நிக்குது. பஸ்ஸு வெளிய போறதுக்கு முன்னால அடியில படுத்துப் பார்த்து, இது ஆகும், இது ஆகாதுன்னு சொல்றது அவ வேலை. புள்ளை பஸ்ஸுக்கு அடியில படுக்குதான்னு எனக்கு ஒரு யோசனைதான். ஆனா வண்டி தெரிஞ்ச புள்ளை, என்ற வண்டியோட அருமை தெரியும்னு சந்தோசப்பட்டேன். பாருங்க என்ற புத்திய.

மாப்பிள்ளை ஊடு பார்க்கறோம்னு வந்தாங்க. புள்ளையும் கூட வந்துச்சு. ஊடு பார்த்தாங்க, தோப்பு பார்த்தாங்க, எங்கூட்டுக்காரி சுலோச்சனா செஞ்ச ஒப்புட்டு தின்னாங்க. அப்பறம் நான் ஷெட்டைத் தொறந்து, மேல போத்தியிருந்த துணிய எடுத்தேன். சம்பந்தி அசந்துட்டாரு. ஆஹா, கண்ணாடி மாதிரி இருக்குதுங்களேன்னாரு. அந்தப் புள்ளை காரை ஒரு தடவை சுத்தி வந்துச்சு. கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற இடுக்குல விரல விட்டுச்சு. கீழ விரல் போகுது. மேல நகங்கூடப் போகலை.

"மாமா, இந்தக் கதவு எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"வெள்ளைக்காரன் வேலைம்மா. ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி வெச்சிருப்பான்."

அது குந்த வெச்சு உக்காந்துருச்சு. பட்டுச் சேலை தரையில படுது, அதப் பத்தி நெனைப்பே இல்லை. கதவுக்கு அடியில, முன் சக்கரத்துல இருந்து பின் சக்கரம் வரைக்கும் ஒரு சட்டம் ஓடுமில்ல, அத விரல் முட்டியால தட்டிட்டே போகுது. டக், டக், டக். அப்பறம் நடுவுல, டொப்.

தம்பி, நான் தேங்காய்க்காரனுங்க. ஒரு குவியலத் தட்டிட்டே போனன்னா எது முத்துனது, எது அழுகுனதுன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். என்ற காதுக்கு இந்த ஜில்லாவுலயே ஒரு மதிப்பு இருக்குது. அந்த டொப்பு எனக்குக் கேட்டுச்சு. கேட்டுச்சுன்னா, தெருவுல ஒரு லாரி போச்சுங்க. அந்தச் சத்தமாத்தான் இருக்கோணும்.

அந்தப் புள்ளை எந்திரிச்சு, "அத்தை, பிரிட்ஜுல ஒட்டற காந்தம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"ன்னு சுலோச்சனாகிட்டக் கேட்டுச்சு. எங்கூட்டுக்காரியும் ஓடிப் போயி எடுத்துட்டு வந்தா. பழனி முருகன், பின்னாடி காந்தம். முன்னாடி எஞ்சின் மூடி மேல வெச்சா முருகன் நிக்கறாரு. கதவுல வெச்சா நிக்கறாரு. அந்தச் சட்டத்துல வெச்சா வழுக்கிக் கீழ விழுந்தாரு. திருப்பி வெச்சாலும் விழறாரு.

"முருகனுக்கு அந்த எடம் புடிக்கலை போல"ன்னேன். யாரும் சிரிக்கலை. சபரீசன் செவுத்தப் பார்த்துட்டு நின்னான்.

"மாமா, இங்க இரும்பு இல்லீங்க. பூசுன பட்டிதான் இருக்குது, மேல பெயிண்டு. கூரை இருக்கற வண்டின்னாக் கூரையும் பாரத்தத் தாங்கும். இதுக்குக் கூரை இல்லை, இந்த ரெண்டு சட்டந்தான் மொத்த வண்டியையும் புடிச்சுட்டு இருக்கோணும். இதுல துரு உள்ள இருந்து தின்னுட்டு வந்திருக்குது. நடுவுல தொய்ஞ்சு போயித்தான் கதவு மேல இடிக்குது. ஆள் ஏறுனா இன்னும் தொய்யும். மாப்பிள்ளை அழைப்புக்கு இது வேண்டாங்க."

எப்படி இருக்கும் எனக்கு? கல்யாணமே இன்னும் முடிவாகலை. மாப்பிள்ளை எப்படி, மாமியா எப்படின்னு பார்க்கறத உட்டுட்டு, கார்ல துருங்குது. நானும் அமைதியாத்தான் சொன்னேன். "ஏம்மா, இதுல எத்தனை மாப்பிள்ளைங்க போயிருக்காங்க தெரியுமா? ஒருத்தருக்காச்சும் ஏதாச்சும் ஆகியிருக்குதா?"

"ஆகறதுக்கு முன்னாடி சொல்றதுதானுங்க மாமா என்ற வேலை."

மரியாதையாத்தான் சொல்லுச்சு. அதுதான் எனக்கு இன்னும் கோவம். மரியாதை இல்லாமப் பேசுனா நாம ஏதாச்சும் சொல்லலாம்.

அப்பறம் ஊடே ரெண்டாப் போச்சு. சுலோச்சனா சொல்றா, புள்ளை சொல்றதுல நியாயம் இருக்குதுன்னு. உனக்கு என்னடி தெரியும் காரப் பத்தின்னு கேட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சவ சொல்றதக் கேட்டேன்னா. பையன் போன்ல, "அப்பா, அவ பஸ்ஸையே ஆகாதுன்னு திருப்பி அனுப்பறவ, விடுங்கப்பா"ங்கறான். விட முடியுமுங்களா? ஊருல இருக்கற மாப்பிள்ளைங்க எல்லாம் போன காரு, என்ற பையன் போகலைன்னா நாலு பேரு என்ன கேப்பாங்க? கார்க்காரரு மகனுக்குக் காரு இல்லையான்னு கேப்பாங்கல்ல?

அதனால ஒரு முடிவு பண்ணுனேன். நிச்சயதார்த்தத்தன்னிக்கு எங்கூட்டுல ரெண்டு பக்கத்து ஒறம்பரை சனமும் இருக்கறாங்க. எல்லாரு முன்னாடியும் காரை வாசல்ல கொண்டாந்து நிறுத்துனேன். ரோகிணியக் கூப்பிட்டேன். "ஏம்மா, என்ன பரீட்சை வேணுமோ வெச்சுக்க. காரு ஜெயிச்சுதுன்னா என்ற பையன் இதுலதான் வருவான்"னேன்.

"வேண்டாங்க மாமா. நல்ல நாளு"ன்னுச்சு.

"பயமா இருக்குதா?"ன்னேன்.

அவிங்கப்பா லோகநாதன், "மாமா சொல்றாருல்ல சாமி, செஞ்சுரு"ன்னாரு. மனுசன் மொகத்துல சிரிப்பா வேற என்னமோவான்னு தெரியலை.

"சரிங்க மாமா. ஜாக்கிய இந்தச் சட்டத்துக்கு நடுவுல குடுத்துத் தூக்கச் சொல்லுங்க. சக்கரம் தரைய விட்டு எந்திரிச்சு, கதவும் தொறந்து மூடுச்சுன்னா, நான் பேசுனது தப்புன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிடறேன்."

லாரிக்குப் போடற ஜாக்கி ஒண்ணு மண்டில இருந்துச்சு. எடுத்துட்டு வரச் சொல்லி, நானே குனிஞ்சு வெச்சேன். வேற எவனாச்சும் வெச்சு ஏதாச்சும் ஆச்சுன்னா அவன் மேல பழி வருமுங்களே. பம்ப் அடிக்க ஆரம்பிச்சேன். ஜாக்கி ஏறுது. எல்லாரும் சக்கரத்தப் பார்த்துட்டு இருக்கறாங்க. இன்னும் அடிக்கறேன். ஜாக்கி ஏறுது. சக்கரம் அப்படியே தரையில இருக்குது. இன்னும் அடிச்சேன். ஜாக்கி ஏறுச்சு தம்பி, கார் ஏறலை. ஜாக்கி பாட்டுக்குச் சட்டத்துக்குள்ள போயிட்டு இருக்குது, களிக்குள்ள கை போற மாதிரி.

மொதல்ல பெயிண்டு வெடிச்சுது. அப்பறம் பட்டி, அப்பளம் மாதிரி வட்ட வட்டமாக் கழண்டு விழுந்துச்சு. அதுக்கப்பறம் காப்பித்தூள் கொட்டற மாதிரி செவப்பாக் கொட்டுது, நிக்கவே மாட்டேங்குது. துருதானுங்க, வேற என்ன. அதெல்லாம் பரவால்லை. கடைசில ஒரு கொத்து நாரு வெளிய வந்து தொங்குச்சு. தேங்கா நாரு. என்ற பெரியப்பா பையன் குனிஞ்சு அத எடுத்துக் கையில வெச்சுப் பார்த்துட்டு, "இது நம்ம மண்டி நாரு மாதிரி இல்ல இருக்குது"ன்னான்.

அதுல என்ன ரகசியம்? நாந்தான் வெக்கச் சொன்னேன். எப்பவோ ஒரு தடவை பெயிண்டரு வந்து, கையி உள்ள போற அளவுக்கு ஓட்டையா இருக்குதுங்க, என்ன பண்றதுன்னு கேட்டான். அடைச்சுட்டு மேல பட்டி போடுறான்னேன். எதுல அடைக்கறதுன்னான். மண்டில நாரு கெடக்குதேன்னேன். நாரு லேசுப்பட்ட பொருளா தம்பி? தண்ணில ஊறுனாலும் மக்காது. கப்பலைக் கட்டற கயிறே அதுலதான் திரிக்கறாங்க. சட்டத்துல இருந்த இரும்பு போச்சு, நாரு போகலை பார்த்தீங்களா. அத ஒருத்தரும் சொல்லலை. அங்க நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவிங்க பக்கத்துக் கெழவி ஒண்ணு சேர்ல உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சுது.

ரோகிணி மட்டும் சிரிக்கலை. அதச் சொல்லோணும். குனிஞ்சு கொட்டுனதக் கையில அள்ளிப் பார்த்துட்டு, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. "மாமா, இதுல நீங்க இவ்வளவு நாளு உக்காந்து ஓட்டியிருக்கீங்களே"ன்னுச்சு.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோவம் வந்துச்சோ. "இந்தக் கல்யாணமே வேண்டாம்"னு சொல்லிட்டேன். சத்தமா இல்லை. சாதாரணமாத்தான் சொன்னேன். ஆனா எல்லாருக்கும் கேட்டுருச்சு. சிரிப்பு நின்னு போச்சு. சபரீசன் மொகத்தப் பார்த்தேன். சின்ன வயசுல காய்ச்சல்ல கெடந்தப்ப அப்படி வெளுத்துப் போயிருந்தான். சம்பந்தி தோள்ல இருந்த துண்டை எடுத்துக் கையில வெச்சுட்டாரு. சொன்னதத் திருப்பி எடுக்கலாம்னா, எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியலை.

அப்பத்தானுங்க எங்கூட்டுக்காரி தாம்பாளத்த எடுத்துட்டு வந்தா. வெத்தலை பாக்கு, பூவு, பழம், எல்லாம் அடுக்குன தாம்பாளம். நேரா எனக்கும் காருக்கும் நடுவுல வந்து நின்னா. "கல்யாணம் நடக்கும். காருதான் நடக்காது. வாங்க சம்பந்தி, நேரமாகுது"ன்னா. அவ அவ்வளவுதான் பேசுனா. சம்பந்தி துண்டைத் திருப்பித் தோள்ல போட்டுட்டு உள்ள போனாரு. எல்லாரும் பின்னாடியே போனாங்க. நானும் காரும் ஜாக்கியும் வெளிய நின்னோம்.

அது நல்ல ஜாக்கிங்க. அதுதான் பிரச்சினை. சுமாரான ஜாக்கியா இருந்தா அவ்வளவு தூரம் ஏறியிருக்காது.

ஏனுங்க, டீ குடிக்கறீங்களா? தாராபுரம் வந்துருச்சு. வேண்டாமா? எனக்கும் வேண்டாம். எறங்குனா எடம் போயிரும்.

எங்க உட்டேன்? ஆங், கல்யாணம். வைகாசில கரூர்ல வெச்சாங்க. மாப்பிள்ளை அழைப்புக்கு என்ன வண்டின்னு நான் கேக்கவே இல்லை. கேக்க மாட்டேன்னு வைராக்கியம். அன்னிக்குச் சாயந்திரம் கோயில் வாசல்ல வந்து நிக்குது பாருங்க ஒண்ணு. பஸ்ஸு. பஸ்ஸுன்னா முழு பஸ்ஸு இல்லை. பட்டறைல புதுசாக் கட்டிட்டு இருக்கற பஸ்ஸு, தகடு இன்னும் அடிக்கலை. வெறும் கம்பி, எலும்புக்கூடு மாதிரி. எங்க வெல்டிங் வெச்சிருக்குது, எங்க போல்ட்டு போட்டிருக்குதுன்னு ஊரே பார்க்கலாம். அதுல வாழை மரம் கட்டி, மாலை சுத்தி, நடுவுல மாப்பிள்ளைக்கு நாற்காலி. ரெண்டு ஊட்டு ஒறம்பரையும் அதுக்குள்ளயே ஏறிட்டாங்க. கொழந்தைங்க கம்பியப் புடிச்சுத் தொங்குது. நாயனக்காரரே மேல ஏறி உக்காந்து வாசிக்கறாரு, நடக்கத் தேவையில்லைன்னு.

நான் ஏறலை. நடந்தேன். பஸ்ஸுக்கு முன்னாடி, கையப் பின்னாடி கட்டிட்டு. கொஞ்ச தூரம் போனப்பறம் முட்டி வலிக்க ஆரம்பிச்சுது. சம்பந்தி மேல இருந்து கைய நீட்டுனாரு. முட்டி வலிக்காகத்தானுங்க ஏறுனேன், வேற ஒண்ணுக்கும் இல்லை. ஏறி ஒரு கம்பியப் புடிச்சேன். அத்தனை பேரு ஆடிட்டு வர்றாங்க, கம்பி ஒரு நூல்கூட அசையலை. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு ரெண்டு தடவை உலுக்கிக்கூடப் பார்த்தேன். நல்லாத்தான் கட்டியிருக்குது அந்தப் புள்ளை. பஸ்ஸக் கட்டறது சுலபமுங்க, பழைய காரு மாதிரியா.

கல்யாணம் முடிஞ்ச கையோட, ஒரு லாரிய அனுப்பி என்ற காரக் கரூருக்குத் தூக்கிட்டுப் போயிருச்சு தம்பி. என்னையக் கேட்டுச்சு, இல்லைன்னு சொல்லலை. "மாமா, நான் சரி பண்ணித் தர்றேனுங்க. ஆனா நடுவுல வந்து பார்க்கக் கூடாது"ன்னுச்சு. சரின்னேன். ரெண்டு சட்டத்தையும் அறுத்துப் போட்டுட்டுப் புதுசா இரும்பு வெச்சு வெல்டிங் பண்ணியிருக்குதாம். அறுக்கறதுக்கு முன்னாடி பாடி தொய்யாம இருக்கக் குறுக்க கம்பி குடுத்துத்தான் அறுத்துச்சாம். சபரீசன் போன்ல சொன்னான். அடியில அடுக்கடுக்கா இருந்த பெயிண்டைச் சொரண்டுனதுல, சொரண்டுன பெயிண்டே ஒரு சாக்கு இருந்துச்சாம். பார்த்தீங்களா, எவ்வளவு கனமா அடிச்சிருக்கறேன்.

சுலோச்சனா போன வாரமே கரூருக்குப் போயிட்டா. மருமகளுக்கு ஒத்தாசையாமா. பட்டறைல ஒத்தாசை பண்ண இவளுக்கு என்ன தெரியும்? நேத்துப் போன் பண்ணி, காரு ரெடியாயிருச்சு, வந்து எடுத்துட்டுப் போங்கன்னா. அதான் கெளம்புனேன். போயிப் பார்த்துட்டு, எங்க எங்க தப்புப் பண்ணியிருக்குதுன்னு சொல்லிக் குடுக்கோணும். பாவம், சின்னப் புள்ளை.

இப்பச் சொல்லுங்க, நியாயம் யாரு பக்கம்? யோசிக்கறீங்களா? யோசிங்க, யோசிங்க.

கரூர் வந்துருச்சு போல. பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்பறான். தம்பி, சித்த நகருங்க, அங்க பாருங்க, வெளி வாசல் ஓரமா. செவப்பா நிக்குதில்ல, கூட்டம் கூடியிருக்குதில்ல, அதான். அதேதான். ஓட்டற எடத்துல உக்காந்திருக்கறதுதான் ரோகிணி. கூலிங் கிளாஸ் போட்டுட்டு. பக்கத்துல யாருங்க அது? என்ற கண்ணு சரியாத் தெரியலை. தலையெல்லாம் கலைஞ்சு போயி, சிரிச்சுட்டு.

சுலோச்சனாங்க அது.

அவ அந்தக் கார்ல உக்காந்து நான் பார்த்ததே இல்லைங்க தம்பி. சீட்டுல எண்ணெய்த் தலை படும்னு நாந்தான் ஏத்துனதில்லை. இப்பக் கதவத் தொறக்கறா பாருங்க, ஒத்தை விரல்ல. மூடறா. திருப்பித் தொறக்கறா. எனக்குக் காட்டறாளாமா. சரி, சரி, பார்த்துட்டேன்.

முன்னாடி ரெண்டு பேரும் உக்காந்துட்டா நான் எங்க உக்கார்றது? பின்னாடி கைய நீட்டறா. பின்னாடியா? அது மாப்பிள்ளை உக்கார்ற எடமுங்க. என்ற கல்யாணத்துக்கு மாட்டு வண்டிதான். இத்தனை வருசமா முன்னாடி உக்காந்து ஓட்டியே பழக்கம், பின்னாடி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது.

தம்பி, இந்தப் பையக் கொஞ்சம் புடிங்க. வேட்டி கசங்கிப் போச்சு, சரியாக் கட்டிக்கறேன். உங்ககிட்டச் சீப்பு இருக்குதுங்களா?